ஒரு இடத்தில் நிலைக்காதவர்

"இந்தப் பொண்ணு எங்கயுமே நிலைச்சு நிக்க மாட்டேங்குது." இதைச் சொன்னவர் இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டில் படுத்திருந்த எண்பது வயதுப் பெரியவர். அவர் சொன்னது ஆங்கிலத்தில்தான். என் காதில் விழுந்தது மட்டும் அம்மாவின் குரலில், சுத்தமான எங்க ஊர்த் தமிழில். 2022ஆம் ஆண்டு, ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்னால். காலை ஆறு மணிக்கு பிபி பார்க்கப் போயிருந்தேன். முதல் நாள்தான் என் கதையை எல்லாம் கேட்டு வாங்கியிருந்தார்: நாகர்கோவிலில் படிப்பு, சென்னையில் இரண்டு வருடம், ஓமனில் நான்கு வருடம், இப்போது மால்டா. அதனால் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பார்த்தால் கையில் செய்தித்தாள், விளையாட்டுப் பக்கம். இத்தாலியின் லாட்சியோ அணியின் வான்நீலச் சட்டையில் ஒரு பெண்ணின் சின்னப் படம். ரேச்சல் குஸ்கியேரி, மால்டாவின் தேசியப் பெண்கள் கால்பந்து அணியில் மிட்ஃபீல்டர், அதாவது நடுக்கள வீராங்கனை.

அந்த ஒரு வாக்கியம் இத்தனை வருடமாக என்னை விடவில்லை. அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கப் பலமுறை மனசுக்குள்ளேயே வாதாடிவிட்டேன். முழுக்கத் தப்பு என்று இன்னும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மால்டாவில் தாத்தாவை 'நன்னு' என்பார்கள். வார்டில் எல்லாருமே அவரை நன்னு என்றுதான் கூப்பிட்டோம். அவர் எங்களை 'அல்பி' என்பார், என் நெஞ்சே என்று அர்த்தம். எழுதும்போது முன்னால் 'க்யூ' போடுவார்கள், வாயில் அது வராது, தொண்டையில் ஒரு சின்ன அடைப்போடு நின்றுவிடும். வந்த முதல் மாதம் முழுக்க நான் அதைக் 'கல்பி' என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன்.

நன்னுவின் கால்பந்து

இந்தத் தீவில் ஒரு வேடிக்கை உண்டு. உலகக் கோப்பை வந்தால் பாதி ஊர் இங்கிலாந்துக் கொடி கட்டும், பாதி ஊர் இத்தாலிக் கொடி கட்டும். 1964 வரை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். மொட்டை மாடி ஆன்டெனாவில் வந்ததோ சிசிலிப் பக்கத்திலிருந்து இத்தாலிய டிவி. நன்னு இத்தாலிக் கட்சி. பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட ராய் தொலைக்காட்சியில் படித்த இத்தாலிய மொழிதான் அதிகம் என்பார். இரண்டு பெரிய நாட்டுக்காக அண்ணன் தம்பி சண்டை போடுவார்கள். சொந்த நாடு என்று வரும்போது எல்லாரும் கொஞ்சம் குரலைத் தாழ்த்துவார்கள். 316 சதுர கிலோமீட்டர், 2021 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்து இருபதாயிரம் பேர். எங்க கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாத நிலம்.

ஆனால் மால்டா வீரர் கார்மல் புசுட்டில் பெயரைச் சொன்னால் நன்னுவின் குரல் தாழாது. ஊரில் அவரை 'புஸு' என்பார்கள். 1988இல் பெல்ஜியத்தின் கெங்க் அணிக்குப் போனவர், ஆறு வருடம் அங்கேயே இருந்தார், அந்த அணிக்குக் கேப்டனாகவும் ஆனார். "ஆறு வருஷம்! கேப்டன்!" என்று இரண்டு விரலையும் ஆட்டி ஆட்டிச் சொல்வார், டிரிப் ஊசி கழன்றுவிடுமோ என்று நான் கையைப் பிடித்துக்கொள்வேன். அடுத்தது மைக்கேல் மிஃப்சுத். 2007 செப்டம்பரில் கவென்ட்ரி சிட்டிக்காக மான்செஸ்டர் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் இறங்கி, லீக் கோப்பை ஆட்டத்தில் அவர்கள் மீதே இரண்டு கோல். ஆட்டம் 2-0. இந்தக் கதையை வார்டில் கேட்காத ஆள் கிடையாது. துடைக்க வந்தவர், சாப்பாடு கொண்டு வந்தவர், எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போனவர், எல்லாருக்கும் அந்த இரண்டு கோலும் போய்ச் சேர்ந்தன.

சரி, மிஃப்சுத் மட்டும் ஒரே இடத்திலா இருந்தார் என்று நான் கேட்டேன். ஜெர்மனி, நார்வே, இங்கிலாந்து, கடைசியில் ஆஸ்திரேலியா வரைக்கும் போய் வந்தவர்தானே? நன்னு கொஞ்சம் யோசித்தார். "அவன் வேற, அல்பி. அவனுக்கு ஓல்டு டிராஃபோர்டு இருக்கு" என்றார். இதை மறுக்க எனக்கு அப்போது வார்த்தை வரவில்லை. பிபி நன்றாகத்தான் இருந்தது. எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

பட்டியல்

ரேச்சலின் ஊர்ப் பட்டியலை அன்றைக்கு இரவு டியூட்டியில்தான் தேடிப் பார்த்தேன். 1992இல் பிறந்தவர். மால்டாவில் பிர்கிர்காரா அணி. இடையில் வந்து போன ஊர்களை விட்டுவிட்டுச் சொன்னாலும் சைப்ரஸில் லிமசோல் நகரத்து அப்பொல்லோன், நெதர்லாந்தில் ஐந்தோவனின் பிஎஸ்வி, 2020இல் ரோமில் லாட்சியோ. அந்த அணி அப்போது இரண்டாம் நிலை லீக்கில் இருந்தது. சீசன் நடுவில் கரோலினா மொராச்சே கோச்சாக வந்தார். இத்தாலி அணிக்கு நூறு கோலுக்கு மேல் அடித்தவர், 1999இல் விதெர்பெசே என்ற ஆண்கள் தொழில்முறை அணிக்கே பயிற்சியாளராக இருந்தவர். 2021இல் லாட்சியோ முதல் நிலைக்கு ஏறியது. அடுத்த வருடமே இறங்கியது. நன்னு செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருந்தது இந்த இறங்குகிற சீசனைத்தான்.

அந்தக் கோடையில் ரேச்சல் ஜெனோவாவுக்குப் போனார், சம்ப்டோரியா அணி. நன்னு அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார். பிசியோதெரபிக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்த இடத்தில் என்னைப் பார்த்ததும் முதல் பேச்சே, "சொன்னேன்ல?" நலம்கூட விசாரிக்கவில்லை. அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்.

எரிச்சலுக்குக் காரணம் கால்பந்து இல்லை என்று எனக்கே தெரியும். ஓமனிலிருந்து கிளம்புகிறேன் என்று சொன்னபோது அம்மா போனில் சொன்னது: "மக்களே, எங்கயாவது ஒரு இடத்துல நிலையா நில்லு. மத்த பிள்ளைகள் எல்லாம் எப்படி இருக்கு பாரு." எங்க அப்பா ஆழ்கடல் போகிறவர். தூத்தூர்ப் பக்கத்து விசைப்படகுகள் கொச்சியில் கிளம்பினால் திரும்ப முப்பது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். மீன் எங்கே இருக்கிறதோ அங்கே, கோவாவுக்கும் மேலே, குஜராத் வரைக்கும். அப்பாவைப் பார்த்து நிலையா நில்லு என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இதை எழுதியதும் 'ஆம்பிளைக்கு ஒரு நியாயம், பொம்பிளைக்கு ஒரு நியாயம்' என்று முடித்துவிடலாம்தான். உண்மையும்கூட. ஆனால் அது பாதிதான் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி ஒப்பந்தத் தாளில் இருக்கிறது.

பன்னிரண்டு மாதம்

உலகக் கால்பந்து வீரர் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிஃப்ப்ரோ 2017இல் பெண் வீரர்களிடம் பெரிய கணக்கெடுப்பு ஒன்றை எடுத்தது. அவர்களுடைய ஒப்பந்தத்தின் சராசரி நீளம் பன்னிரண்டு மாதம். சம்பளம் வாங்குகிறவர்களிலேயே ஐந்தில் மூன்று பேருக்கு மாதம் 600 டாலருக்குக் கீழேதான். கிளப்பிடமிருந்து காசே வாங்காதவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். இதைப் படித்த இரவு நான் நன்னுவோடு மானசீகமாக ஒரு பெரிய சண்டை போட்டேன். ஒரு வருட வாடகைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, ஏன் வீடு கட்டவில்லை என்று கேட்டால் எப்படி?

இத்தாலியில் இன்னும் கொஞ்சம் கூடுதல் விசேஷம். 1981இல் போட்ட ஒரு சட்டம் விளையாட்டில் யார் தொழில்முறைக்காரர் என்று வரையறுத்தது. எந்தப் பிரிவைத் தொழில்முறையாக எடுத்துக்கொள்வது என்பதை அந்தந்தச் சம்மேளனத்திடம் விட்டுவிட்டார்கள். பெண்கள் கால்பந்தை யாரும் எடுக்கவில்லை. ஆக, யுவென்டஸில் ஆடினாலும் ரோமாவில் ஆடினாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள். வருடத்துக்குக் கொடுக்கலாம் என்றிருந்த உச்ச வரம்பு முப்பதாயிரம் யூரோவைச் சற்றே தாண்டும். 2022 ஜூலை 1ஆம் தேதிதான் இத்தாலியின் முதல் நிலைப் பெண்கள் லீக் தொழில்முறை ஆனது. ரேச்சல் சம்ப்டோரியாவுக்குப் போனது அதே கோடையில். லாட்சியோவில் ஓடியாடி அணியை மேலே கொண்டு வந்தபோதும், முதல் நிலையில் ஆடியபோதும், காகிதத்தில் அவர் தொழில்முறை வீராங்கனையே இல்லை. ஒரு கோடை கழிந்ததும் அதே நாட்டில், அதே லீக்கில், அதே காலை வைத்துக்கொண்டு தொழில்முறை ஆகிவிட்டார்.

சைப்ரஸ் ஏன் என்று சிலர் கேட்பார்கள். லிமசோலில் கடல் இருக்கிறது, வெயில் இருக்கிறது, மால்டா மாதிரியே சின்னத் தீவு, அதற்கு ஏன் ஊரை விட்டுப் போக வேண்டும்? அப்பொல்லோன் அங்கே பல வருடம் லீக்கை ஜெயித்த அணி. லீக்கை ஜெயித்தால் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்று. கோடைக் கடைசியில் ஒரே ஊரில் நான்கு அணிகளைக் கூட்டி வைத்து நடத்துவார்கள், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வாரம்தான் சந்தை. ஐரோப்பாவின் ஏஜென்டுகள் பார்க்கிற வாரம். அதனால் அப்பொல்லோன் வெளிநாட்டு வீராங்கனைகளை எடுத்துக்கொண்டே இருக்கும், அவர்களும் ஒரு படி ஏறியதும் போய்க்கொண்டே இருப்பார்கள். நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த அணியைத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. பஞ்சாபின் ஹோஷியார்பூர்க்காரரான மனிஷா கல்யாண் 2022 ஆகஸ்டில் அதே அப்பொல்லோன் சட்டையில்தான் மாற்று வீராங்கனையாக இறங்கி, பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். அந்த வாரத்தில்தான் இந்தியச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. மனிஷாவின் பழைய அணியான கோகுலம் கேரளா பெண்கள், ஆசியப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் போய் இறங்கியவர்கள், ஆடாமலே திரும்ப வேண்டியதாகிவிட்டது. ஒரு மாதம் முன்பின்னாக மனிஷாவும் அந்த விமானத்தில் இருந்திருக்க வேண்டியவர். ஒரு இடத்தில் நிலைத்து நிற்காததன் பலன் சிலசமயம் இப்படியும் வரும்.

நான்கு நாள்

மால்டா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது 2004 மே 1. சைப்ரஸும் அதே நாள். மால்டாவின் இன்னொரு வீராங்கனை ஹேலி புஜெய்யா பிறந்தது 2004 மே 5. இந்த நான்கு நாள் வித்தியாசத்தைக் கவனித்ததிலிருந்து எனக்கு ஒரு கிறுக்கு. பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஹேலி முன்கள வீராங்கனை. இம்ஜார் என்ற சின்ன ஊரின் அணியிலிருந்து பதினாறு வயதில் இத்தாலியின் சசுவோலோவுக்குப் போனார். முதல் நிலை லீக்கில் முதல் ஆட்டத்திலேயே நாப்போலி மீது இரண்டு கோல் அடித்து, ஒரே நாளில் தீவு முழுக்கப் பேச்சானார். அங்கிருந்து அமெரிக்காவின் ஆர்லாண்டோ, திரும்ப இத்தாலியில் இன்டர். பதினாறு வயசுப் பிள்ளை எப்படி வெளிநாட்டு அணிக்குப் போக முடிந்தது? பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்பது ஃபிஃபா விதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே என்றால் பதினாறிலிருந்து பதினெட்டு வரைக்கும் சில நிபந்தனையோடு விலக்கு. ஒன்றியக் குழந்தையாகப் பிறந்தவர் பதினாறில் புறப்பட்டார். ரேச்சலுக்குப் பன்னிரண்டாவது வயதில்தான் அந்தக் கதவு திறந்தது. திறந்த பிறகும், அவருக்கு முன்னால் அந்த வழியாகப் போன மால்டாப் பெண்கள் ரொம்பக் கொஞ்சம். எந்தக் கிளப்பை நம்பலாம், எங்கே ஏமாற்றுவார்கள், டச்சுக்காரர்கள் ஜனவரியில் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு அக்கா இல்லை. ஹேலிக்கு இருந்தார். ரேச்சல் இருந்தார்.

நான் இந்த ஒன்றியக் கதவைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்கும் காரணம் உண்டு. என் பர்மிட் வேலை கொடுத்தவர் பெயரோடு சேர்த்து ஒட்டப்பட்டது. அவர்கள் வேண்டாமென்றால் தீவும் வேண்டாம் என்று அர்த்தம். லிமசோலில் ஒரு நல்ல வேலை இருந்தால் ரேச்சல் விமானம் ஏறலாம். எனக்கு முதலிலிருந்து எல்லாக் காகிதமும். அவருடைய அலைச்சலையும் என்னுடைய அலைச்சலையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வாக்கியம்தான் இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி விழுந்தது.

ஆளைப் பாரு

நான் ரேச்சல் ஆடுவதை நேரில் பார்த்தது ரொம்ப நாள் கழித்துத்தான். 2023 இலையுதிர் காலத்தில், ஐரோப்பிய நாடுகளுக்கான பெண்கள் நேஷன்ஸ் லீக் முதன்முறையாக நடந்தபோது. மால்டா கடைசி அடுக்கில். லாட்வியா, மால்டோவா, அன்டோரா அதே பிரிவில். இம்தினாக் கோட்டைக்குக் கீழே பழைய போர்விமானத் தளம் இருந்த இடத்தில்தான் தேசிய மைதானம் இருக்கிறது, அதன் பக்கத்திலேயே சின்னதாக சென்டினரி மைதானம். பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் குன்றின் மேல் இம்தினா தேவாலயத்தின் கோபுரம், மறுபக்கம் மொஸ்டாவின் பெரிய குவிமாடம். நடுவில் காற்று. எங்க ஊர்க் கடற்கரைக் காற்றுதான், உப்பு மட்டும் கம்மி.

கூட்டம் சில நூறு பேர் இருக்கும். பாதிப் பேர் அகாடமிப் பிள்ளைகள், டிராக் சூட்டோடு. முன்வரிசையில் அவர்களுடைய அப்பாமார். ஒருத்தர் மால்டாப் பலகாரமான பாஸ்டிட்சியைச் சூடாகத் தாளோடு பிடித்துத் தின்றுகொண்டிருந்தார், வாசனை இரண்டு வரிசைக்கு வந்தது. நான் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். தம்பி கடற்கரையில் மிட்ஃபீல்டு ஆடினவன். தூத்தூர்ப் பக்கத்தில் பெருநாள் வந்தால் கோயில் திருவிழாவைவிடப் பந்தாட்டத்துக்குத்தான் கூட்டம். எங்களைப் போன்ற பெண் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆட்டம், பந்து கடலுக்குள் போனால் ஓடி எடுத்துக்கொண்டு வருவது. அவன் திருப்பி ஒரு வாய்ஸ் அனுப்பினான்: "அக்கா, பந்தைப் பாத்தா ஒண்ணும் விளங்காது. மிட்ஃபீல்டு ஆளைப் பாக்கணும்னா பந்தை விட்டுட்டு ஆளைப் பாரு. கால் மணி நேரம் ஆளை மட்டும் பாரு."

பார்த்தேன். சொல்வதற்கு எளிது, பந்தை விட்டுக் கண்ணைப் பிடுங்குவது பெரிய பாடு. கூட்டம் 'ஓ' என்றால் தலை தானாகத் திரும்பும். முதல் ஐந்து நிமிஷம் தோற்றுப்போனேன். பிறகு பழகியது. பழகியதும் தெரிந்த முதல் விஷயம், அவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பந்து அந்தப் பக்கம் தொடுகோட்டருகே இருக்கிறது, இவர் நடந்துகொண்டே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இரண்டு எட்டு வைத்து வலது தோளுக்கு மேல் ஒன்று. ரோட்டைக் கடக்கிற ஆள் மாதிரி. எண்ணிப் பார்த்தேன், இருபதுக்கு மேலே கணக்கு விட்டுப்போச்சு. பந்து வந்து சேரும்போது உடம்பு ஏற்கனவே பாதி திரும்பியிருக்கிறது. எங்கே கொடுக்க வேண்டும் என்பதைப் பந்து வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டதால் காலில் அது தங்குவதே இல்லை. பாஸைக் கொடுத்துவிட்டு, கொடுத்த இடத்தைக் கையால் காட்டி யாரையோ முன்னால் போகச் சொல்கிறார். போகச் சொன்ன இடத்தில் அந்த நிமிஷம் ஒன்றுமே இல்லை. நான்கு நொடி கழித்து ஒரு இடைவெளி விழுகிறது.

முன்பெல்லாம் நான் பார்த்த மால்டா வேறு, அதுவும் வார்டு டிவியில். பெண்கள் ஐரோப்பியப் போட்டியான யூரோ 2022 தகுதிச் சுற்றில் டென்மார்க்கும் இத்தாலியும் ஒரே பிரிவில், அடுத்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் மறுபடி டென்மார்க். 2017 ஐரோப்பியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போன அணி அது. அந்த மாதிரி நாட்டோடு ஆடினால் பந்து உங்களிடம் வராது. ஒன்றரை மணி நேரம் ஐந்து பேராக வரிசை கட்டி, அங்குமிங்கும் நகர்ந்து, ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூரை ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைக்கிற வேலை. அன்டோரா, மால்டோவா என்று வரும்போது கதை தலைகீழ். இப்போது அவர்கள் வரிசை கட்டுகிறார்கள், பந்து மால்டாவிடம், உடைக்க வேண்டியது மால்டாவின் பொறுப்பு. தேசிய அணியில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது புதுக் கணக்கு. பந்து கிடைத்த சந்தோஷத்தில் முன்னால் தூக்கி அடித்துவிடுவார்கள். ரேச்சலுக்குப் புதிது இல்லை. அப்பொல்லோனில் வாரா வாரம் செய்த வேலை இதுதான், வரிசை கட்டிய சின்ன அணிகளை உடைப்பது. இறங்கிக்கொண்டிருந்த லாட்சியோவில் செய்தது அந்த இன்னொரு வேலை, பாத்திரம் வைக்கிறது. ஒரே அணியில் பத்து வருடம் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதைக் கண்டுபிடித்தபோது பக்கத்தில் இருந்தவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. பாஸ்டிட்சிக்காரர்தான் இருந்தார். அவர் ஹேலிக்குக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பிரிவில் முதலிடம் பிடித்து மால்டா அடுத்த அடுக்குக்கு ஏறியது. ஏறினால் என்ன கிடைக்கும்? 2024இல் போர்ச்சுகல், வட அயர்லாந்து, போஸ்னியா. மறுபடியும் பாத்திரம்.

நன்னு சொன்னது

இந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு நன்னுவிடம் போனேன். அவர் இப்போது மகள் வீட்டில். அவருடைய மகள் என்னை மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார், முயல் குழம்பு வைப்பார். நான் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையைப் பழகிக்கொண்டேன். சாப்பிட்டு முடித்துத் தோடம்பழம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், 1981 சட்டம், தோளுக்கு மேல் பார்க்கிற பார்வை, இரண்டு விதமான ஆட்டம்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பழத்தோலை ஒரே சுருளாக எடுத்து வைத்தார். "நீ சொல்றது எல்லாம் சரி, அல்பி. ஆனா ஒண்ணு. நான் ஒருதடவை கெங்க் போனேன். டாக்ஸிக்காரன் எந்த ஊர்னு கேட்டான், மால்டான்னேன். 'புசுட்டில்!'னான். அவன் காசு வாங்கல." கொஞ்ச நேரம் நிறுத்தினார். "இந்தப் பொண்ணுக்கு எந்த ஊர் டாக்ஸிக்காரன் அப்படிச் சொல்லுவான்?"

இதுதான் அவர் முதலிலிருந்தே சொல்ல வந்தது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் குறை சொல்லவில்லை. ரேச்சலை ஒரு ஊர் சொந்தம் கொண்டாட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். லிமசோல், ஐந்தோவன், ரோம், ஜெனோவா, எங்கேயும் சில சீசன்தான். சட்டை எண் அடுத்தவருக்குப் போய்விடும். டிரெஸ்ஸிங் ரூமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரே வேறு நாட்டுக்குப் போயிருப்பார். ஞாபகம் வைத்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஓமனில் நான்கு வருடம் இருந்தேன், நான் வேலை பார்த்த வார்டில் இப்போது என்னைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை, எல்லாரும் ஒப்பந்தம் முடிந்து போய்விட்டார்கள். நான் சுவரில் ஒட்டிய மருந்து அட்டவணை மட்டும் ரொம்ப நாள் இருந்ததாம்.

அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மகள் காபி கொண்டு வந்தார். நன்னு டிவியைப் போடச் சொன்னார், இத்தாலிய லீக், ஆண்கள் ஆட்டம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ ஒரு மிட்ஃபீல்டர் பந்து வாங்கும் முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நன்னுதான் விரலை நீட்டி, "ஒண்ணு" என்றார். கொஞ்ச நேரத்தில், "ரெண்டு."